நிழல் தந்த கடைத்தொகுதி

பழைய கோயில்களின் வரலாற்றை எழுதுவோர் உளர். பழைய கோட்டை கொத்தளங்களின் வரலாற்றை எழுதுவோரும் உளர். பழைய கடைகளின் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலரே. கடை என்பது கொடுக்கல் வாங்கல் நடைபெறும் இடம். கையிற் பணம் உள்ளபோது நுழைகின்றோம். பொருளைப் பெற்றதும் வெளியேறுகின்றோம். அதற்கு மேல் அதனோடு என்ன உறவு என்று எண்ணுவதே உலக வழக்கம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சில மாதங்களுக்கு முன்னர், பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டப்பட்டிருந்த அறிவித்தல் ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

"இம்மாத முடிவுடன் கடை மூடப்படும். பழைய வாடிக்கையாளர் தத்தம் நெகட்டிவ்களை வந்து பெற்றுக்கொள்ளலாம்" என்று மும்மொழியிலும் கையால் எழுதப்பட்டிருந்தது அவ்வறிவித்தல். அது ஒரு நிழற்பட நிலையம். அமைந்திருந்த இடம், காலி வீதியிலிருந்து பம்பலப்பிட்டிப் புகையிரத நிலையத்துக்குச் செல்லும் வீதியின் முகப்பிலே நிற்கும் 'மெஜஸ்டிக் சிட்டி'. கொழும்பிலே வாழ்ந்த தமிழருள் அப்பெயரை அறியாதார் இலர். பலருக்கு அது 'எம்.சி.' என்ற இரண்டு எழுத்து மாத்திரமே.

அக்கடைத்தொகுதி எழுவதற்கு முன்னர் அங்கு 'மெஜஸ்டிக்' என்ற படமாளிகை இருந்தது. 1928 ஆம் ஆண்டிலே 'சிலோன் தியேட்டர்ஸ்' நிறுவனத்தைத் தோற்றுவித்து, இந்நாட்டிற் படமாளிகைத் தொழிலுக்கு அடிகோலியவர் சிற்றம்பலம் கார்டினர் என்ற தமிழர். கொழும்பிலே இன்றும் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அந்நிறுவனத்தின் வழிவந்தோரே பிற்காலத்திற் படமாளிகை நின்ற நிலத்திற் கடைத்தொகுதியை எழுப்பினர். 1991 ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது.

கொழும்பு மக்களுக்குப் பெருங்கடை புதியதன்று. 1844 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கார்கில்ஸ்' நிறுவனம் கோட்டையில் எழுப்பிய செந்நிற மாளிகை 1906 ஆம் ஆண்டிலிருந்து நிற்கின்றது. ஆயினும் அது துரைமாரும் அவரை அடுத்திருந்த கனவான்களும் நுழைந்த கடை. ஏனையோருக்குப் புறக்கோட்டை இருந்தது. அங்கே வெயிலும் நெரிசலும் பேரம் பேசுதலும் இருந்தன. 1977 ஆம் ஆண்டின் பின்னர் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டன. அதுவரை கண்ணாற் காணாத பண்டங்கள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றை அடுக்கி வைப்பதற்குப் புதியவகைக் கடைகள் வேண்டப்பட்டன. ஒரே கூரை, பல கடைகள், குளிரூட்டிய காற்று, கண்ணாடிச் சுவர் என்ற அமைப்பு காலி வீதிக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான். 

மெஜஸ்டிக் சிட்டியிலே கீழ்த்தளத்தில் உணவுக் கூடம் இருந்தது. பலசரக்கு வாங்குவதற்குப் 'பூட் சிட்டி' இருந்தது. படம் பார்க்கும் வசதியும் உள்ளேயே இருந்தது. இவற்றையெல்லாம் விட மக்களைக் கவர்ந்தது ஓடும் படிக்கட்டு. ஊர்களிலிருந்து வந்தோர் அதில் ஏறி இறங்குவதற்கென்றே அங்கு வந்தனர். ஏறத் துணியாது கீழே நின்று பார்த்துத் திரும்பியோரும் உண்டு.

நிற்க. எமக்கும் அக்கட்டடத்துக்கும் உறவு ஏற்பட்ட வரலாறு வேறு.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நாமும் எமது அன்னையாரும் தங்கையும் தம்பியும் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியேறினோம். தென்மராட்சியிற் சில மாதங்கள், வன்னியிற் சில மாதங்கள், வவுனியாவிற் சில வாரங்கள் என்று கழிந்து, 1996 ஆம் ஆண்டின் இறுதியிற் கொழும்பு வந்து சேர்ந்தோம். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜிலே ஓர் அறை கிடைத்தது. நால்வரும் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. பகலிலே தகரக் கூரையின் வெப்பம் தலையில் இறங்கும். யாரேனும் உறவினர் எம்மைத் தேடி வந்தால், அவரைக் கட்டிலில் இருத்திவிட்டு நாம் நடைபாதையில் நிற்போம். பொலிஸில் பதிவு செய்த துண்டையும் அடையாள அட்டையையும் சட்டைப்பையில் வைத்தபடி வெளியே செல்வோம். எங்கே செல்வது என்பது மட்டும் தெரியாது. கோயில் நண்பகலிற் பூட்டப்படும். கடற்கரையில் நெடுநேரம் இருந்தால் விசாரணைக்கு உள்ளாக நேரும்.

அத்தகைய ஒரு நாளிலேதான் தம்பி எம்மை மெஜஸ்டிக் சிட்டிக்கு அழைத்துச் சென்றான். வாயிலிலே காவலாளி பையைத் திறந்து பார்த்தான். அன்னையாரின் பையில் இருந்தவை ஒரு துவாய், ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு விபூதிப் பொட்டலம். விபூதியை அவன் முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தபடி உள்ளே விட்டான். உள்ளே குளிர்காற்று முகத்தில் வந்து மோதியது. ஓடும் படிக்கட்டைக் கண்ட அன்னையார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "கால் அகப்பட்டால் என்ன செய்யிறது?" என்பது அவருடைய நியாயம். செருப்பும் கையுமாக மேலே போய் இறங்கிய அவரைப் பார்த்துப் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் சிரித்தனர். அவரும் சிரித்தார். ஊரை விட்டு வந்த பின்னர் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

அதன் பின்னர் வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் அங்கு செல்வது வழக்கமாயிற்று. வாங்குவதற்கு எம்மிடம் பணம் இருக்கவில்லை. நால்வருக்கும் இரண்டு தேநீர் வாங்கிப் பகிர்ந்து குடிப்போம். அதுவும் மாதத் தொடக்கத்தில் மாத்திரம். எனினும் எவரும் எம்மை எழுந்து போகும்படி கூறியதில்லை. வாயிற் காவலாளி சிங்களவன், தென்மாகாணத்தவன். நாளடைவில் அவன் அன்னையாரை "அம்மே" என்று அழைக்கத் தொடங்கினான். பையை மட்டும் நாள் தவறாது திறந்து பார்த்தான். அது அவன் கடமை. 

"இது எங்கடை விறாந்தை" என்றார் அன்னையார் ஒருநாள். யாழ்ப்பாணத்து வீடுகளில் விறாந்தையின் பயன் எமது வாசகர் அறிந்ததே. வருவோரை இருத்துவதும், போவோரை வழியனுப்புவதும், மணப்பேச்சுப் பேசுவதும், வெறுமனே இருந்து வீதியைப் பார்ப்பதும் அங்கேதான். விறாந்தை இல்லாத மனிதர்க்கு அக்கடைத்தொகுதி விறாந்தையாயிற்று. லொட்ஜ் அறையிலே பெண்பார்க்க வருவோரை எவ்வாறு வரவேற்பது? ஆகவே இரு வீட்டாரும் உணவுக் கூடத்திலே தற்செயலாகச் சந்தித்தவர் போலச் சந்தித்து, ஐஸ்கிறீம் உண்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் காட்டிக்கொண்டனர். எமது தங்கைக்கு வரன் அமைந்ததும் அவ்வாறே. வெளிநாட்டிலிருந்து வந்தோர் சூட்கேசுடன் வந்து, பலரது கடிதங்களையும் பணத்தையும் அங்கே வைத்துப் பங்கிட்டனர். வெளிநாடு செல்ல இருந்தோர் பயண முகவரின் வருகையை நோக்கி அங்கே காத்திருந்தனர். 

அவர்களுக்கு இன்றியமையாததாக இருந்தது மேலே கூறிய நிழற்பட நிலையம். அதனை நடத்தியவர் கொழும்பைச் சேர்ந்த முஸ்லிம் அன்பர் ஒருவர், எல்லோருக்கும் 'நானா'. திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டின். சுவரில் ஓர் ஆணியிலே கருநீலக் கோட்டு ஒன்றும் சிவப்புக் கோடு போட்ட கழுத்துப்பட்டி ஒன்றும் தொங்கும். விசாவுக்குப் படம் எடுக்க வரும் இளைஞர் அனைவரும் அக்கோட்டையே அணிந்தனர். மெலிந்தவன் அணிந்தாலும் பருத்தவன் அணிந்தாலும் அதே கோட்டு. இன்று கனடாவிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் நரைத்த தலையுடன் வாழும் எத்தனை பேருடைய முதற் கடவுச்சீட்டிலே அந்த ஒரே கோட்டு இருக்கின்றதோ!

எமது தம்பியும் அதனை அணிந்தான். 1997 ஆம் ஆண்டு, தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னர். கைகள் நீண்டு விரல் நுனிவரை மறைத்தன. திரைக்கு வெளியே நின்ற அன்னையார், "நெஞ்சை நிமித்தி இரடா" என்றார். அவன் சிரித்துவிட்டான். அந்நேரம் கமராவும் 'கிளிக்' என்றது. "ஏன்டா சிரிக்கிறாய்? சிரிச்சால் விசா தரமாட்டாங்கள்" என்று அன்னையார் கடிந்தார். நானா மீண்டும் ஒரு படம் எடுத்தார். இம்முறை அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்படத்தின் நான்கு பிரதிகளைப் பெற்றுக்கொண்டு வந்தோம். 

அவ்வாண்டு ஆடி மாதம் அவன் புறப்பட்டான். பல நாடுகளைத் தாண்டிப் பாரிஸ் நகரை அடைந்தான். வதிவிட உரிமை கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் சென்றன. உரிமை கிடைத்த பின்னர் வேலை விடவில்லை. வேலை விட்டபோது கடன் விடவில்லை. வருகிறேன், வருகிறேன் என்று தொலைபேசியிற் கூறிக்கொண்டிருந்தவன், 2020 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் அங்கே தொற்று நோய்க்கு இரையானான். இங்கே ஊரடங்கு, அங்கேயும் வீடடங்கு. விமானம் இல்லை. இறுதிக் கிரியையை உள்ளங்கை அளவான கண்ணாடியிற் பார்த்தோம். வீட்டிலே மாலையிட்டு வைப்பதற்கு எம்மிடம் இருந்தது, சிரிக்காத அந்தக் கடவுச்சீட்டுப் படத்தைப் பெரிதாக்கிய பிரதி ஒன்றே. பின்னாளில் அவன் தொலைபேசியில் அனுப்பிய படங்களைக் காட்டினோம். "இதிலை அவன் களைச்சுப் போயிருக்கிறான்" என்று கூறி அன்னையார் அவற்றை விலக்கிவிட்டார்.

இவ்வாண்டுகளிலே கடைத்தொகுதிக்கும் மூப்பு வந்தது. அது ஒரே நாளில் வந்ததன்று. முதலிற் கைத்தொலைபேசி வந்தது. வெளிநாட்டுக்கு அழைப்பு எடுத்துக் கொடுக்கும் நிலையங்கள் எங்கும் மறைந்தன. பின்பு பாட்டு அத்தொலைபேசிக்குள் புகுந்தது. இறுவட்டு விற்ற கடைகள் குறைந்தன. வாழ்த்து அதற்குள் புகுந்தது. வாழ்த்து அட்டை விற்ற கடைகள் குறைந்தன. இறுதியிற் கமராவும் அதற்குள் புகுந்தது. பிலிம் சுருள் என்பது பிள்ளைகள் அறியாத சொல்லாயிற்று. கைக்குள் அடங்கும் ஒரு சிறு பொருள் ஒரு மாடியிலே இருக்கத்தக்க கடைகளை விழுங்கிவிட்டது எனலாம். 

பின்னர் நாட்டின் துயரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர் கூட்டமான இடத்துக்குச் செல்ல மக்கள் அஞ்சினர். அடுத்த ஆண்டு ஊரடங்கு. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டு மார்ச் மாத முடிவில் ஒரு நாளிற் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. குளிர்காற்றையும் இறக்குமதிப் பண்டத்தையும் நம்பி வாழும் கடைக்கு இவ்விரண்டையும் விடப் பேரிடி வேறு எது? 

இடையிலே புதிய மாளிகைகளும் எழுந்தன. 2018 ஆம் ஆண்டு பேரை வாவியின் அருகிலே 'கொழும்பு சிட்டி சென்ரர்' திறக்கப்பட்டது. மறு ஆண்டு காலிமுகத்திடலை நோக்கி 'வன் கோல்பேஸ்' திறக்கப்பட்டது. அவை அழகிற் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. மாலை வேளையிற் கார்கள் அத்திசை நோக்கித் திரும்பின. மெஜஸ்டிக் சிட்டி மூடப்பட்டுவிடவில்லை, இன்றும் அதன் வாயில்கள் திறந்தே இருக்கின்றன, மக்களும் வருகின்றனர். ஆனால் பண்டிகை நாள்களில் தோளோடு தோள் உரசிய அந்தப் பழைய கூட்டத்தை நாம் இப்போது காண்பதில்லை. 

அறிவித்தலைக் கண்ட மறுநாள் அன்னையாரை அழைத்துக்கொண்டு சென்றோம். அவருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. நானாவுக்கும் தாடி வெளுத்துவிட்டது. கடையில் அரைவாசி காலியாக இருந்தது. மேசை மீது பிஸ்கற் டின்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆண்டு எழுதப்பட்டிருந்தது. 

"ஏன் தம்பி, கடையை மூடிப்போட்டு என்ன செய்யப் போறீர்?" என்று அன்னையார் வினவினார்.

"மகளோட போய் இருக்கப் போறேன், அம்மா. இப்ப படம் பிடிக்க யாரு வாறாங்க? பேப்பர் விலையும் ஏறிப்போச்சு. வாடகை கட்டிக் கட்டுபடியாகல்ல. ஆனா இந்த நெகட்டிவ்களை வீச மனசு இல்ல. இதெல்லாம் ஆக்களுட முகம்தானே" என்றார் அவர்.

நாளைக் கேட்டார். அன்னையார் தைப்பூசக் கணக்கைக் கூறினார். நாம் அதனை ஆங்கிலத் திகதியாக்கிக் கூறினோம். நானா ஒரு தடித்த பதிவுக் கொப்பியைத் திறந்து, விரலை ஓட்டி, ஓர் இலக்கத்தைக் கண்டுபிடித்தார். 1997 என்று எழுதிய டின்னிலிருந்து பழுப்பு நிற உறை ஒன்று வெளிவந்தது. அதனுள் ஒரு படம் இருக்கும் என்று எண்ணியிருந்தோம். இரண்டு இருந்தன.

நானா அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். முதலாவதில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். நெகட்டிவிலே பல் கறுப்பாகவும் தலைமயிர் வெள்ளையாகவும் தெரிந்தன. எமக்கு அது சிரிப்பு என்று புரிவதற்குச் சற்று நேரம் சென்றது. அன்னையாருக்கு உடனே புரிந்தது. "இது நான் பேசின படம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கூறாது அதனை வாங்கிக் கண்ணருகே பிடித்துக்கொண்டார்.

"இது பழுதான படம் என்று அண்டைக்கே எறிஞ்சிருக்கலாமே, நானா?" என்று கேட்டோம்.

"விசாவுக்குத்தான் பழுது. வேற என்ன பழுது?" என்றார் அவர்.

அவரே அதனைப் பிரதி செய்து மூன்று நாளிற் பெரிய படமாக்கித் தருவதாகக் கூறினார். பணம் கொடுக்க முற்பட்டோம். "அண்டைக்கே நாலு படத்துக்குச் சல்லி தந்தீங்கதானே. அந்த வேலைதான் இப்ப முடியுது" என்று கூறி வாங்க மறுத்துவிட்டார். ஆணியிலே கருநீலக் கோட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அன்னையார் அதன் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

கடைத்தொகுதிகள் தோன்றும், வளரும், தேயும். வணிகத்தின் இயல்பு அது; அதனைத் தடுத்தல் இயலாது; தடுக்க வேண்டுவதுமில்லை. நாமே இப்போது பல பொருள்களைக் கைத்தொலைபேசியில் வாங்குகின்றோம். அக்கடைகள் தேய்ந்ததில் எமக்கும் பங்குண்டு. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரு கட்டடத்தின் பெறுமதியை அங்கே விற்ற பண்டத்தைக் கொண்டு மாத்திரம் கணக்கிடுவோமாயின், மிகப் பெரிய வரவொன்றைக் கணக்கில் எழுதாது விட்டவராவோம். வீடிழந்து வந்தவன், கையிற் காசில்லாதவன், எவனுக்கும் விருந்தாளியல்லாதவன் ஆகியோர் நாணமின்றி ஒரு மணிநேரம் அமர்ந்து எழத்தக்க இடம் ஒவ்வொரு பேட்டையிலும் ஒன்றாவது இருத்தல் வேண்டும். மெஜஸ்டிக் சிட்டியைக் கட்டியோர் அதற்காக அதனைக் கட்டினார் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் எமக்கு அது அவ்வாறு பயன்பட்டது. புதிய மாளிகைகளிலும் பூங்காக்களிலும் நூலகங்களிலும் அத்தகைய ஓர் ஆசனத்தை இட்டு வைப்பது நகரை ஆள்வோரின் கடமை. அதில் அமர்ந்திருப்போனை எழுப்பாதிருப்பது எம் அனைவரின் கடமை.

திரும்பும்போது அன்னையார் சற்று நின்றார். "கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்றார். கீழே உணவுக் கூடத்துக்குச் சென்று இரண்டு தேநீர் வாங்கினோம். இம்முறை ஆளுக்கொன்று வாங்கப் பணம் இருந்தது. அன்னையார் தமது தேநீரில் அரைவாசியைக் குடித்துவிட்டு, மீதியைப் பழைய வழக்கப்படி எம் பக்கம் நகர்த்தி வைத்தார்.